மூன்று பேர்தான்

கொக்கியில் தொங்கிய நான்காவது நீர்புகா உடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோடைக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதே இல்லை.

ஐனோ நெற்றியைச் சுருக்கினாள். சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்ன மீட்பு நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு. படகை எடுக்க நான்கு பேர் வேண்டும் என்பது விதி. நான்காவது ஆளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, பதிலுக்கு எவரையும் அனுப்பாத அதே மேலிடம், இன்று ஆயத்த நிலையைச் சோதிக்க ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தது. ஆள் குறைந்தால் நிலையத்துக்குப் பூட்டு.

"நாலு தலை வேணுமாம். என்னோடத ரெண்டா வெட்டிக் குடுத்துடவா சீஃப்?" என்றான் எஞ்சின்காரன் பர்விஸ்.

"வெட்டினா உள்ள ஒண்ணும் இருக்காது. ஏறு."

மதியம்தான். ஆனாலும் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி துறையை விழுங்கி, படகின் மூக்கை விழுங்கி, எஞ்சினின் உறுமலைக்கூடப் பஞ்சில் பொதிந்ததுபோல் அமுக்கிக்கொண்டு நகர்ந்தது. டீசல் நெடிக்கு அடியில் வேறொரு வாடை, ஏரியின் அடிச்சேறும் துருவும் கலந்த வாடை, மெல்ல ஏறிவந்தது. ஐனோ சுக்கான் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். பக்கத்தில் பர்விஸின் பெல்ட் 'கிளிக்' என்றது. பின்னிருக்கையில் மூன்றாவது ஆள் ரொவீனாவின் பெல்ட்.

பிறகு இன்னொரு கிளிக்.

துறையில் நின்ற அதிகாரி கோக்லனின் குரல் ரேடியோவில் வந்தது. "ஆள் இல்லேன்னு சொன்னாங்களே! நாலு பேரும் ஏறினதப் பாத்துட்டேன். நல்ல வேளை, மூட வேண்டியதில்ல."

ஐனோ ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நிலையம் தப்பிக்கும். மூடிவிட்டால், அடுத்த நிலையத்து மீட்புப் படகு வந்து சேர்வதற்குள் இந்தத் தண்ணீரில் விழுந்தவன் விறைத்துப்போவான்; அது அவளுக்குத் தெரியும்.

"சீஃப்..." ரொவீனாவின் குரல் நடுங்கியது. "என் பக்கத்துல..."

ஐனோ திரும்பினாள்.

நான்காவது உடை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் கழுத்திலிருந்து நெற்றிவரை பழுப்புத் தண்ணீர். அதற்குள் ஏதோ மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

அவள் ரேடியோவை எடுத்தாள்.

"மூணு பேர்தான் சார்."

"எனக்குக் கண்ணு தெரியும் சீஃப். சும்மா இருந்தா உங்க நிலையம் பொழச்சுக்கும்."

"இது எங்க ஆளு இல்ல. மூணு பேர்தான். நல்லா எழுதிக்கோங்க." பிறகு பின்னிருக்கையைப் பார்த்துக் கத்தினாள்: "எறங்கு! என் படகுல உனக்கு எடம் கெடயாது!"

அவளே எழுந்துபோய் அதன் பெல்ட்டை அவிழ்த்து, உடையின் ஜிப்பை இழுத்துக் கிழித்தாள். பனிக்கட்டிக் குளிரோடு தண்ணீர் கொட்டி அவள் முழங்காலை நனைத்தது. உடை வெறுமையாகச் சரிந்தது. அதைத் தூக்கி ஏரியில் வீசினாள்.

அப்போது ரேடியோ கரகரத்தது. மீன்பிடிப் படகொன்று. பாறையில் மோதியிருந்தது. இரண்டு பேர் தண்ணீரில்.

உடனே கோக்லனின் குரல்: "மூணு பேரோட நீங்க போகக் கூடாது. துறைய விட்டுக் கெளம்பாதீங்க. இது உத்தரவு."

ஐனோ மற்ற இருவரையும் பார்த்தாள். ரொவீனா அழுதபடியே தலையாட்டினாள். பர்விஸ் எஞ்சினைத் தட்டினான். "போலாம் சீஃப். தலை இல்லாதவனுக்கு என்ன பயம்?"

"நிலையத்தப் பூட்டிக்கோங்க சார்," என்றாள் ஐனோ ரேடியோவில். "திரும்பி வந்து பேசிக்கலாம்."

படகு துறைமுக வாயைத் தாண்டியது. பனி லேசாக விலகியது.

ஏரி விழுங்கியவர்கள் நின்றிருந்தார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில். அந்த இடத்தில் ஏரி பல ஆள் ஆழம். வரிசை வரிசையாக, பழைய உடைகளில், புதிய உடைகளில், சட்டைகூட இல்லாமல். பாறைவரைக்கும். ஒவ்வொரு ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளும் தண்ணீர். ஒவ்வொருவரும் வலக்கையை உயர்த்தியிருந்தார்கள். நான்காவது ஆளாக நான் வருகிறேன், நான் வருகிறேன் என்பதுபோல.

"வழி விடுங்கடா!" என்று ஐனோ அலறினாள்.

வேகத்தை முழுதாக முடுக்கினாள்.

ஒருவரும் விலகவில்லை. உயர்ந்த கைகளெல்லாம் ஒன்றாகத் தாழ்ந்து, ஏறிக்கொள்ளப் படகின் விளிம்பைப் பற்றின.