கோணல் தையல்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக உள்ளறையில் மிஹாலின் வளையல்கள் கலகலவென்று குலுங்கின. அந்த இரண்டு தங்க வளையல்களும் மோதிக்கொள்ளும் வேகத்தை வைத்தே மாமியாரின் கோபம் எந்த மட்டில் இருக்கிறதென்று சொல்லிவிடுவாள் பூலோர். இன்றைய சத்தம் நல்லதற்கில்லை. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது.

"அடியே பூலோர்! இங்க வாடி!"

போனாள். நகைப்பெட்டி திறந்து கிடந்தது. முத்தும் பச்சைக்கல்லும் பதித்த நெற்றிச்சுட்டியைக் காணோம். புகாரா நகரின் இந்த யூத வீட்டுக்குப் பூலோர் மணப்பெண்ணாக வந்த அன்று மிஹாலே தன் கையால் அவளுக்குக் கட்டிய சுட்டி. அடுத்த மாதம் பூலோரின் மகள் யாஃபாவின் கல்யாணத்தில் அவள் நெற்றிக்கு ஏற வேண்டியது.

"எங்கடி அது?"

"வித்துட்டேன் அத்தை..."

"வித்துட்டியா! தாஷ்கண்டுல கடை போட்டு முழுகினானே உன் தம்பி, அவனுக்குத்தானே அள்ளிக் குடுத்த? என் பேத்தி மொட்ட நெத்தியோட மணமேடையில நிக்கணுமா?"

"தம்பிக்கு இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

"அப்ப யாருக்கு? சொல்லித் தொலையேன்!"

பூலோர் தரையைப் பார்த்தாள். எப்படிச் சொல்வாள்? சொன்னால் ஒரு வீட்டு அடுப்பில் மண் விழுமே!

அந்த வீடு வேறு யாருடையதும் இல்லை. மிஹாலின் சொந்த மகள் ஜில்போவுடையதுதான். அப்பா விட்டுப்போன சொத்தில் பங்கு கேட்டு வந்து, அண்ணனோடும் அம்மாவோடும் தெருவே கூடச் சண்டை போட்டு, "இனி இந்த வீட்டுச் சோறு என் தொண்டையில இறங்காது!" என்று கத்திவிட்டுப் போனவள். மிஹால் மட்டும் சளைத்தவளா? "இங்கேருந்து ஒரு பருக்கை அவ வீட்டுக்குப் போச்சுன்னா என் பிணத்தத் தாண்டித்தான் போகணும்!" என்றாள். அதன்பிறகு ஜில்போவின் கணவன் கூரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானான். அந்த வீட்டில் சமைத்த சோறு என்றால் இல்லாதவர்களுக்காகச் சபை நடத்தும் சமையல்கூடத்திலிருந்து வெள்ளிக்கிழமை போகும் சோறுதான்.

அந்தச் சமையல்கூடத்தையும் மூடப்போவதாகப் பேச்சு வந்தது. பாதிச் சனம் நியூயார்க்குக்கும் இஸ்ரேலுக்கும் போய்விட்டது. போனவர்கள் அனுப்பிய பணமும் நின்றுவிட்டது. மிச்சமிருந்த கிழடு கட்டைகளும் நோயாளிகளும் எங்கே போவார்கள்? பூலோர் யோசிக்கவில்லை, சுட்டியை விற்று முழுவதையும் சபையில் கொடுத்தாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய், அரிசி வேகவைக்கிற துணிப்பைகளையும் தைத்துக் கொடுத்தாள். கொடுத்தது யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது சபை வழக்கம். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அண்ணி கொடுத்த சோறென்று தெரிந்தால் ஜில்போ சட்டியோடு தூக்கி எறிவாளே!

பிரார்த்தனை முடிந்து கணவன் இல்யாவ் உள்ளே வந்தான். நல்ல மனுஷன்தான், அம்மா முன்னால் மட்டும் முதுகெலும்பு இருக்காது.

"கேட்டியாடா, உன் பொண்டாட்டி பண்ணின கூத்த? வாயத் திறக்க மாட்டேங்கறா பாரு!"

"பூலோர்... யாருக்குன்னு சொல்லிடு. முடிஞ்சு போச்சு."

"என்னால சொல்ல முடியாதுங்க."

"புருஷன்கிட்டகூடச் சொல்ல முடியாத விஷயமா? அப்ப... அப்ப நீ தம்பி வீட்டுக்கே போயிடு!"

அவ்வளவுதானா? இருபது வருஷம் இந்த அடுப்படியில் வெந்ததற்கு அவ்வளவுதானா! பூலோர் அழவில்லை. துணிகளை மூட்டை கட்டினாள். பின்னாலேயே வந்து அழுத யாஃபாவின் தலையைத் தடவினாள். 'இன்னைக்கு அரிசிப் பையை யார் தைப்பார்கள்? நான் போய்விட்டால் அங்கே பானை ஏறுமா?' என்று நெஞ்சு கிடந்து தவித்தது. வாசலுக்கும் முற்றத்துக்குமாய் நாலு முறை நடந்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே ஜில்போ நின்றாள்!

"நகருங்க அண்ணி. அம்மா கத்தறது ரெண்டு சந்து தள்ளி என் வீடு வரைக்கும் கேக்குது."

"நீ எங்கடி வந்த இங்க?" மிஹாலின் வளையல்கள் அதிர்ந்தன.

ஜில்போ மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள். அரிசியும் கறியும் கொத்தமல்லியும் போட்டுக் கட்டி வேகவைக்கிற பை. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது.

"இந்தத் தையலப் பாரும்மா. இந்தத் தெருவுல இடது கையால தைக்கிறவ ஒருத்திதான். கோணத் தையல், கோணத் தையல்னு கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நீ கேலி பண்ணினியே, மறந்துட்டியா? சமையல்கூடத்த மூடப்போறாங்கன்னு நான் அழுதிட்டிருந்தேன். அடுத்த வாரமே யாரோ பேர் சொல்லாம உதவிட்டாங்கன்னாங்க. அந்த வெள்ளிக்கிழமை வந்த பையில இந்தத் தையல் இருந்தது. சுட்டி போன இடம் இப்பத்தானேம்மா எனக்கே புரியுது!"

பூலோர் மூட்டையைக் கீழே வைத்தாள். "ஜில்போ... தெரிஞ்சுமா சாப்பிட்ட?"

"தெரிஞ்சேதான் அண்ணி. முதல் நாள் தூக்கி எறியத்தான் எழுந்தேன். அவர் படுக்கையிலேருந்து என் கையவே பாத்தாரு... உக்காந்து ஊட்டினேன். நானும் தின்னேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க கூச்சப்பட்டு நிறுத்திடுவீங்களோன்னு பயந்தேன்... அதான் வாயத் திறக்கல!"

மிஹால் பையை வாங்கி அந்தத் தையலை விரலால் தடவினாள். உதடு கோணியது.

"என் வயித்துல பொறந்தவ பசியா கிடந்திருக்கா... எனக்குத் தெரியல. வேத்து வீட்டுலேருந்து வந்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளப் போயி நான்... ஐயோ! என் வாய் அழுகிப் போக!"

ஒரு கையால் மகளையும் மறு கையால் மருமகளையும் இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பூலோரும் அப்போதுதான் அழுதாள். இல்யாவ் குனிந்து மூட்டையை எடுத்தான்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றாள் பூலோர். "தம்பி வீட்டுக்கா?"

"குத்திக் காட்டு... எனக்கு வேணும்," என்று முனகியபடி அவன் அதை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

"ஜில்போ அத்தை கல்யாணத்துக்கு வந்தா போதும்மா. எனக்கு மொட்ட நெத்தியே அழகு!" என்றாள் யாஃபா.

சாயங்காலம். ஓய்வுநாள் விளக்கேற்றும் முன் சமையல்கூடத்துக்கென்று பெண்கள் காசு போடுகிற தகர உண்டியல் அடுப்படி மாடத்தில் இருந்தது. திங்கட்கிழமை அதைச் சபைக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள். பூலோர் அதற்கு முதுகைக் காட்டி நின்று திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் உண்டியலின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. எதுவோ கனமாக விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

மிஹால் அவளருகே வந்து நின்று, விளக்கை நேராக்கக் கையை நீட்டினாள். கலகலவென்ற வளையல் சத்தம் இல்லை. பூலோர் அந்தக் கையைப் பார்க்காதது போலத் தீக்குச்சியை உரசினாள்.