வெள்ளை போன இடம்

ஒன்றுமில்லாததன் விலை, கட்டி ஒன்றுக்கு நூற்றைம்பது. அதற்குக் கீழே அவள் இறங்குவதில்லை. வாங்க வருகிற மதுக்கடைக்காரர்கள் ஐஸ் கட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று கண்ணாலேயே துழாவுவார்கள். குமிழி இல்லை, கீறல் இல்லை, பால் சிந்தியது போன்ற மங்கல் இல்லை. காக்டெயில் கோப்பையில் போட்டால் ஐஸ் இருப்பதே தெரியக் கூடாது. "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா, இதுக்கா இவ்வளவு?" என்று ஒருவர் இழுத்தார். "ஏதாவது இருந்தா பாதி விலைக்குத் தர்றேன், தேடிப் பாருங்க" என்றாள். அவரும் தேடினார். முழு விலையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குக் காலையில் அவள் பெட்டியைக் கவிழ்த்தபோது, கட்டியின் அடியில் வெள்ளை இல்லை.

இருந்தே ஆக வேண்டும். தொழிலே அதை வைத்துத்தான். மூடி இல்லாத தெர்மாகோல் பெட்டியில் தண்ணீரை நிரப்பிக் குளிரில் வைத்தால், அடியிலும் பக்கங்களிலும் குளிர் புகாது. மேலிருந்து மட்டும் இறங்கும். ஐஸ் மேலே தொடங்கிக் கீழ்நோக்கி வளரும்போது, தண்ணீர் அல்லாத எதையும் தனக்குள் சேர்த்துக்கொள்ளாது. காற்று, உப்பு, தூசி எல்லாவற்றையும், கூட்டமான பேருந்தில் நடத்துநர் ஆட்களை நெருக்குவதைப் போல, உள்ளே போ, உள்ளே போ என்று அடிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் போக இடமில்லாமல் எல்லாம் நாலு விரல் கனத்துக்கு வெள்ளையாய் உறைந்து நிற்கும். அதை அறுத்துக் கழித்துவிட்டால் மிச்சம் கண்ணாடி.

இன்று முழுக் கட்டியும் கண்ணாடி. அடியில் விரலை வைத்து மேலிருந்து பார்த்தாள். ரேகை தெரிந்தது.

"என்னங்க, இன்னைக்கு வெள்ளையே விழலங்க" என்று பின்னறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

தையல் மெஷின் நின்றது. "கழிவே இல்லைன்னா லாபம்தானே முதலாளியம்மா? எனக்கு ஒரு புது மெஷின் வாங்கிக் குடுங்க" என்றது பின்னறை.

அவள் சிரிக்கவில்லை. சரக்கு மாயமாய்ப் போகாது என்பது அவள் கைக்குழந்தையாய் இருந்தபோதே கல்லாப்பெட்டி ஓரத்தில் கேட்டு வளர்ந்த பாடம். இங்கே குறைந்தால் வேறெங்கோ ஏறியிருக்க வேண்டும். அது எங்கே என்பதுதான் தெரியவில்லை.

அண்ணன் புதிதாக ஒரு பார் திறக்கிறான். தங்கச்சியின் ஐஸ் இல்லாமல் திறக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அத்தனை கட்டிக்கு வீட்டு ஃப்ரீசர் காணாது என்பதால், இழுத்து மூடிய ஓர் இறைச்சிக்கடையில் குளிர் மெஷின் ஒன்றைப் பேரம் பேசி, விற்றவன் முகம் வாடும் விலைக்கு வாங்கி வந்து வாசல் கதவை ஒட்டி நிறுத்தியிருந்தாள். ஹாலே இனிக் குளிர் அறை. அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்த கணவரைப் பின்னறைக்கு அனுப்பியது அப்போதுதான். அவர் தையல்காரர். அவர் இருக்கும் இடத்தில் நூல் பறக்கும், பஞ்சு பறக்கும், சாக்பீஸ் தூள் பறக்கும். ஒருமுறை சிவப்பு நூல் ஒன்று கட்டிக்குள் நேர்த்தியாக உறைந்து ஒரு வாடிக்கையாளரின் கோப்பை வரை போய்விட்டது. அதற்கப்புறம் அவரிடம் அவள் விவாதம் வைத்துக்கொள்ளவில்லை. "கொஞ்ச நாள் உள்ள போங்க" என்றாள். போனார்.

சுவரில் ஒட்டத் தெர்மாகோல் வாங்கப் போன இடத்தில்தான் அவளுடைய ரத்தம் பேசியது. ஹாலுக்கு வேண்டியது முப்பது பலகை. மொத்தமாக எடுத்தால் பாதி விலை என்றான் கடைக்காரன். பாதி விலை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பரம்பரை இல்லை அவளுடையது. மொத்தத்தையும் எடுத்தாள். எடுத்ததை வீணாக்க மனம் வருமா? ஹால் முடிந்ததும் சமையலறை, அது முடிந்ததும் நடை, கடைசியில் பின்னறைச் சுவர், கூரை, தரை, ஜன்னல் வரை ஒட்டித் தீர்த்தாள். வாசல் பக்கம் மட்டும் குளிர் மெஷின். மற்ற எல்லாப் பக்கமும் தெர்மாகோல்.

அதை அவள் அப்போது ஒரு பெட்டியாக நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளை விழாத அந்த நாளுக்கு மறுநாள் வெங்காயம் வதக்கினாள். எண்ணெயில் அது பொன்னிறமாகி, ஓரம் கருகி, சட்டியிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் படிந்தபோதும், மூக்குக்கு எதுவும் வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தாள். சட்டியோடு நடைக்குப் போனதும் வாசனை ஒரு சுவரைப் போல அவள்மேல் வந்து மோதியது. வெங்காயம் மட்டும் இல்லை. நேற்றைய எண்ணெய், முந்தாநாள் பால், சோப்பு, ஈரத்துணி, கணவர் கழுத்தில் தடவும் தைலம், இந்த வீட்டில் அவர்கள் குடிவந்த நாளிலிருந்து எரிந்ததும் கொதித்ததும் கெட்டுப்போனதுமான எல்லாம் அந்த இடுக்கு நடையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஓர் அடி பின்னால் வைத்தாள். ஒன்றுமில்லை. ஓர் அடி முன்னால் வைத்தாள். எல்லாம்.

ஹாலில் தூசி இல்லை. அலமாரியின் மேல் விரலை இழுத்துப் பார்த்தாள், இல்லை. காலை வெயில் வாசல் வழியாக விழுந்த இடத்தில் ஒளி விழுந்ததே தெரியவில்லை, அது தொட்டுக் காட்ட ஒரு துகள்கூட மிதக்கவில்லை. சுவரில் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் டிக் டிக் என்பது சமையலறைக்கும் அப்பால், நடையின் உள்ளிருந்து வந்தது.

"முதலாளியம்மா, உங்க கடிகாரம் என் காதுக்குள்ள ஓடுது" என்று பின்னறையிலிருந்து இருமலோடு சொன்னார் கணவர். "இந்தக் குப்பையெல்லாம் எங்கிருந்து வருது? கூட்டிக் கூட்டிக் கை வலிக்குது."

போய்ப் பார்த்தாள். மெஷினைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பஞ்சு. முடி. நூல். நகத் துணுக்கு. காற்றே பால் கலந்தது போல் இருந்தது. அதன் நடுவே அவர் ஒரு காற்சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார், புருவத்தில்கூட வெள்ளை.

"இங்க இருக்க வேணாம். ஹாலுக்கு வாங்க."

"நூல் பறக்குமே? உங்க சரக்கு என்னாகிறது?"

"சரக்கு கிடக்கட்டும். வாங்க."

எழுந்து அவள் பின்னால் வந்தார். நடையைக் கடந்தார். சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

"வாங்களேன்."

"வர்றேன்... கால் வர மாட்டேங்குது." சிரித்தார். எதிர்க்காற்றில் நடப்பவரைப் போல உடம்பை முன்னால் சாய்த்தார். செருப்பு தரையில் உரசியபடி பின்னால் வழுக்கியது. மறுபடி முயன்றார். மறுபடி வழுக்கியது. "யாரோ நெஞ்சுல கைய வச்சு, உள்ள போங்க சார், இடமிருக்குன்னு தள்ற மாதிரி இருக்கு. டிக்கெட் குடுத்தா விடுவானோ என்னமோ."

வேடிக்கையாகத்தான் சொன்னார். கண் வேடிக்கை பேசவில்லை. அவள் கையை நீட்டினாள், அவரும் நீட்டினார், விரல்நுனிக்கும் விரல்நுனிக்கும் நடுவே ஒரு சாண். அந்த ஒரு சாணில் ஒன்றுமில்லை, சுத்தமாக ஒன்றுமில்லை. அது ஒன்றரைச் சாண் ஆயிற்று. அவர் நடக்கவில்லை. பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

அவளை எதுவும் தள்ளவில்லை. ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் நின்றது தள்ளுகிற பக்கம்.

ஹாலுக்கு ஓடினாள். குளிர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். ரீங்காரம் நிற்கவில்லை. மெஷினின் வயிற்றில் கையை வைத்தாள். அசைவில்லை. விசிறி நின்றிருந்தது. ரீங்காரம் பின்னறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. குளிர் மெஷின் எப்போது நின்றது, உண்மையில் நின்றதா, அதன் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல இனி வழியில்லை. குளிர் மட்டும் வாசலிலிருந்து வீட்டுக்குள் நிதானமாக, அவசரமில்லாத வியாபாரியைப் போல, ஒவ்வொரு அங்குலமாகக் கைமாற்றிக்கொண்டு போனது.

சுவரிலிருந்த தெர்மாகோலைப் பிய்த்தாள். நகம்தான் பிய்ந்தது. பசை கல்லாகியிருந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணா, இப்பவே வா. வண்டியோட வா. அவரை வெளிய எடுக்கணும்."

"ஹலோ?" என்றான் அண்ணன். "ஹலோ? தங்கச்சி? வாய் அசைக்கிறியா, என்ன? ஒண்ணுமே கேக்கல."

"அண்ணா!"

அவள் உதடு பிரிந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. ஒரு நொடி கழித்து, வீட்டின் கடைசியில், பஞ்சுக்குள் புதைந்தது போல், அவள் குரலே அழுதது. *அண்ணா, இப்பவே வா. வண்டியோட வா.*

"சரி, நீ கூப்பிட்டதே கட்டி ரெடின்னு சொல்லத்தான்னு வச்சுக்கிறேன். கிளம்பிட்டேன்" என்று போனை வைத்தான்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. வெளியே நல்ல பகல். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணியை உதறினார்கள். சைக்கிள் ஒன்று போனது. இரண்டே எட்டு. அண்ணன் வரும்வரை தெருவில் நிற்கலாம். அக்கம்பக்கத்தில் ஆள் கூட்டலாம். கடப்பாரை வாங்கி வரலாம். அதுதான் புத்தி. அவளுக்குப் புத்தி எப்போதும் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள்.

வீடு தெளிந்திருந்தது. ஹாலும் சமையலறையும் நடையும் ஒரே கண்ணாடி. அதற்கு அப்பால் வெள்ளை. அதற்குள் மங்கலாய் ஒரு மனிதர். முதுகு பின்சுவரில். ஒரு கை நெஞ்சில். வாய் திறந்து மூடியது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெள்ளை கொஞ்சம் உள்ளே போனது.

உள்ள போங்க என்று முதலில் சொன்னது குளிர் இல்லை.

அவள் தெருவைப் பார்க்கவில்லை. நடந்தாள். எதுவும் தடுக்கவில்லை, உள்ளே போகிறவளை யார் தடுப்பார்கள்? காலடி ஓசை முன்னால் போனது, அவள் பின்னால் போனாள். சமையலறை. நடை. நடை முடியும் இடத்தில் கை மரத்தது. முகத்தை உள்ளே விட்டாள்.

சத்தம். ஒரேயடியாக. கடிகாரம். மெஷின். அவள் குரல். அவர் இருமல். என்றோ உடைந்த தட்டு. வாசனை. பஞ்சு. முடி. மூச்சு.

கை. அவர் கை. பிடித்தாள்.

"நீ எதுக்கு வந்தே?" காதுக்குள் சொன்னார்.

"எழுந்திரிங்க. போலாம்."

இழுத்தாள். ஓர் அடி. வந்த வழியில் நெற்றி மோதியது. கண்ணாடி. கெட்டி. கையால் தட்டினாள். முஷ்டியால் குத்தினாள். அது பதில் சொல்வதுபோல் ஓர் அங்குலம் கிட்டே வந்தது.

அவர் அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். "மெதுவா மூச்சு விடு" என்றார். "ரெண்டு பேருக்கு வேணும்."

வாசலில் நிழல்.

அண்ணன். கண்ணாடியின் அந்தக் கோடியில், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு. நின்றான். வாயைப் பிளந்தான். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். டக். அவள் காதருகே கேட்டது.

"அடேயப்பா" என்றான். "தங்கச்சி, எங்க இருக்கே? இவ்வளவு பெரிய கட்டியா?"

கத்தினாள். அவர் கத்தினார். எல்லாம் வெள்ளைக்குள்ளேயே சுற்றியது. அண்ணன் குனிந்து, கண்ணுக்குமேல் கையை வைத்து, நேராக அவளைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்தான். பார்வை நிற்கவில்லை. வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று அவளும் ஒருநாளும் பார்த்ததில்லை. வீசப்போவதை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

"பிரமாதம்" என்றான், வண்டியிலிருந்த ஆளைப் பார்த்து. "வால் பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அதைக் கழிச்சிட்டு எடுத்துக்கலாம்."

போய்விட்டான். இல்லை. சந்தில் செருப்புச் சத்தம். சுவருக்கு வெளியே. அளவு நாடா இழுபடும் சத்தம். நீளமாக. நின்றது. பென்சில் கீறும் சத்தம், அவள் தோளுக்கு ஒரு முழம் முன்னால்.

பிறகு பல்லுள்ள இரும்பு. முதல் இழுப்பு.

அவர் கை அவள் கைக்குள் இறுகியது. அவளுக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை, கூட்டிப் பார்த்தாள். வாசலிலிருந்து பின்சுவர் வரை முப்பது அடி. தெளிவு இருபத்தாறு. கழிவு நாலு. நாலடிக்குள் ஒரு தையல் மெஷின், ஒரு கட்டில், ஒரு வீட்டின் தூசி, ஒரு வீட்டின் வாசனை, ஒரு வீட்டின் சத்தம், இரண்டு பேர். கணக்கு நேர். ஒன்றும் குறையவில்லை.