ரவுண்டானாவில் நாற்பத்தொரு பேர்

திங்கட்கிழமை மாலை ஹேசல் விட்டேக்கர் வந்து நின்றபோது, ஆர்னல்ட் ஹெப்பிள்வைட் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, கழற்றிய சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹேசலுக்குப் பின்னாலேயே பல் மருத்துவர் கிளைவ் டன்னிக்ளிஃப் நுழைந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் சங்கத்தில் எங்கே வம்பு கிளம்பினாலும் முதல் ஆளாக அங்கே நிற்பது அவர் வழக்கம். சைக்கிளில் மட்டும்தான் அவர் ஒருநாளும் முதலாவதாக வந்ததில்லை.

ஹேசல் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தாள். கார்ஸ்வெல் சைக்கிள் சங்கத்தின் செயலாளர் பாலின் ஓக்டன் கைப்பட எழுதியது. ஞாயிறு காலை நடந்த இருபத்தைந்து மைல் நேரப் பந்தயத்தில், பதினேழாம் நம்பர் ஹேசல் ரவுண்டானா வரை போகாமல் வழியிலேயே திரும்பிவிட்டதாகத் தெரிகிறது. புதன்கிழமை கமிட்டி முன் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் நேரம் ரத்தாகும், பெயர் சங்கத்திலிருந்து நீக்கப்படும்.

"ஏமாத்துக்காரின்னு நேரா எழுதலை, அவ்வளவுதான்," என்றாள் ஹேசல். "பத்து வருஷமா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓட்டுறேன் ஆர்னல்ட். ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு. முடிச்சதுக்குக் கிடைச்ச பரிசு இது."

அவள் ஊர் ஊராக நூலக வண்டி ஓட்டுபவள். வயது நாற்பத்துநான்கு. ஞாயிறன்று அவள் எடுத்த நேரம் ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. சங்கத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை ஒரு மணிக்குள் முடித்ததில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக அசையாமல் இருந்த பழைய சாதனை, ஒரு மணி இருபத்தொரு வினாடி. அது பாலின் ஓக்டனுடையது. ரவுண்டானாவில் நின்று திரும்புகிறவர்களின் நம்பரைக் குறித்துக்கொண்டவர் பாலினின் கணவர் லெஸ்.

"இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் கிளைவ். "பொண்டாட்டி சாதனை போகுது, புருஷன் நம்பரை விட்டுட்டார். கேஸ் முடிஞ்சது."

காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருடம் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்தவர் ஆர்னல்ட். முதலில் தோன்றும் பதிலை நம்பக்கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன பாடம். ஞாயிறன்று நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லச் சொன்னார்.

ஹேசல் சொன்னாள். முதல் ஆள் ஏழு ஒன்றுக்குப் புறப்பட்டார். நிமிடத்துக்கு ஒருவர் வீதம் நம்பர் வரிசைப்படி அனுப்புவார்கள், ஆகவே அவளுடைய நேரம் ஏழு பதினேழு. கிராம மண்டபத்தின் ஒற்றைக் கழிப்பறையில் வரிசை நகரவேயில்லை. பந்தயத்துக்கு முன்னால் எல்லோருக்கும் வயிறு கலக்குவது தெரிந்த கதைதான். அவள் புறப்படும் கோட்டுக்கு ஓடி வந்தபோது நாற்பது வினாடி கடந்திருந்தது. பதினெட்டாம் நம்பர் அதற்குள் வந்து நின்றாயிற்று. தாமதமாக வந்தாலும் கடிகாரம் உரிய நிமிடத்திலிருந்தே ஓடும், அந்த நாற்பது வினாடியும் அவள் கணக்கில்தான் சேரும். அப்படியும் ஒரு மணிக்குள் முடித்தாள் என்பதைத்தான் யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. ஏழு ஐந்துக்குப் பிடித்த மழை கடைசி ஆள் வரும்வரை விடவில்லை. ரவுண்டானாவில் லெஸ் மஞ்சள் சட்டையோடு நின்றிருந்தார், அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

"நான் நேரா லெஸ்கிட்டயே போய்க் கேட்டேன். 'நாப்பத்தொரு பேர் திரும்பினாங்க, எண்ணிப் பாத்தேன். லிஸ்ட்லயும் நாப்பத்தொரு நம்பர் இருக்கு. உன் நம்பர் அதுல இல்லம்மா'ன்னுட்டார். கிளம்பினது நாப்பத்திரண்டு பேர். அந்தக் குறையிற ஆள் நான்தான்னு முடிவு கட்டிட்டாங்க."

"வேற யாராவது உன்னை ரவுண்டானாவுல பாத்தாங்களா?"

"மழையில எல்லாரும் தலையைக் குனிஞ்சுகிட்டுப் போனோம். நான் முந்தின ஆளுங்க எல்லாரும் திரும்பி வர்றப்பதான் மாட்டினாங்க."

"என்னையும் இருபத்தொண்ணாம் நம்பர் பிடிச்சு முந்தினது திரும்பி வர்ற வழியிலதான்," என்று கிளைவ் கேட்காமலேயே சொன்னார். "கடைசி மூணு மைல்ல."

ஆர்னல்ட் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி செயினைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் ஆர்னல்டும் கிளைவும் பட்டியலைப் பார்க்கப் போனார்கள். பந்தயத் தாள்கள் எல்லாம் நேரக்காப்பாளர் ஜாய்ஸ் கெர்ஷாவிடம் இருந்தன. எழுபது வயதைத் தாண்டியவர். கடிகாரத்தைத் தவிர வேறு எதன்மீதும் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. லெஸ் கொடுத்த பட்டியல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றில் தொடங்கி நாற்பத்தைந்து வரை ஒழுங்காக இறங்கும் எண்கள், ஒரு பொட்டு மை கலையவில்லை. ஜாய்ஸின் புறப்பாட்டுத் தாளோ மழையில் நனைந்து ஊறியிருந்தது. அதில் அச்சிட்ட நாற்பத்தைந்து பெயர்களில் நான்கின்மேல் கோடு இருந்தது. ஐந்து, முப்பது, முப்பத்தெட்டு, பிறகு பதினேழு.

"பதினேழை ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டார் ஆர்னல்ட்.

ஜாய்ஸின் முகம் சிவந்தது. "நேரமாச்சு, ஆளைக் காணோம், அடிச்சிட்டேன். அடிச்ச கையோட அவ வந்து நிக்கிறா. அனுப்பிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டேன். கோட்டை அழிக்க மறந்துபோச்சு. அதனால என்ன? முடிவுத் தாள்ல அவ நேரத்தை நான்தானே எழுதினேன்."

எல்லோரையும் அனுப்பிய பிறகு அந்தப் புறப்பாட்டுத் தாளை எங்கே வைத்தார் என்று ஆர்னல்ட் விசாரித்தார். மண்டபத்தில் டீ பாத்திரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, புதுத் தாளோடு முடிவுக் கோட்டுக்குப் போனாராம். திரும்பி வரும்போது லெஸ் அங்கே உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

கிளைவுக்குத் தலைகால் புரியவில்லை. "பிடிச்சாச்சு! ஆள் ரவுண்டானாவுலயே இல்லை, எங்கேயோ போய்ப் படுத்துட்டு வந்து காப்பியடிச்சிருக்கார்."

"ஹேசல் அவரைப் பாத்திருக்கா. நீயும் பாத்தே."

"ஆமா, பாத்தேன்," என்று ஒப்புக்கொண்ட கிளைவின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

அங்கிருந்து லெஸ் வீட்டுக்குப் போனார்கள். பாலின் வெளியே போயிருந்தார். கதவைத் திறந்த லெஸ், ஆர்னல்டின் குரலைக் கேட்டதும் உள்ளே வரச் சொன்னார். கூட வந்தது யார் என்று கேட்டார். கிளைவ் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தார், அதுவும் நெருப்பு நிறச் சட்டையில். டீ ஊற்றும்போது லெஸ் கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டார். பட்டியலைப் பற்றிக் கேட்டபோது முகம் இறுகியது. பத்தொன்பது வருடமாக அந்த ரவுண்டானாவில் நிற்பவனைச் சந்தேகப்பட வந்தீர்களா என்று கோபித்துக்கொண்டார். ஆர்னல்ட் டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை ஆறரை மணிக்கு மண்டபத்தின் பின்னறையில் கமிட்டி கூடியது. மேசையின் தலைமாட்டில் பாலின், முன்னால் சாதனைப் புத்தகம். பக்கத்தில் லெஸ். எதிரே ஹேசல், கைகளை மடியில் இறுகக் கோத்தபடி. ஜாய்ஸும் கிளைவும் சுவரோரம். ஹேசலைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பத்து வருடம் ஒன்றாக ஓட்டியவர்கள் மூன்று நாளில் அந்நியராகிவிட்டிருந்தார்கள். ஆர்னல்டுக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஆர்னல்ட் எழுந்தார். "முதல்ல இந்தப் பட்டியல். ஒண்ணரை மணி நேரம் கொட்டுற மழையில எழுதினதுன்னா இப்படி இருக்குமா? ரெண்டாவது, நம்பரெல்லாம் ஏறுவரிசையில இருக்கு. அதாவது ரவுண்டானா வரைக்கும் ஒருத்தர் கூட இன்னொருத்தரை முந்தலை."

"முந்தாம இருந்திருக்கலாம்," என்றார் பாலின். "எதிர்க்காத்து பலமா இருந்துச்சு."

"அதைச் சொல்ல வேண்டியது கிளைவ்தான். அவன் இருபதாம் நம்பர். கிளைவ், உன்னை இருபத்தொண்ணு எங்கே பிடிச்சார்?"

கிளைவ் தரையைப் பார்த்தார். இருபத்தொன்றாம் நம்பர் ஓட்டியது அறுபத்தெட்டு வயது எர்னஸ்ட். அதுவும் மூன்று சக்கர சைக்கிளில். எந்த இடத்தில் பிடிபட்டோம் என்பதில் உண்மை பேசும் சைக்கிள்காரர் இன்னும் பிறக்கவில்லை. சங்கத்தில் பாதிப்பேர் மனைவியிடம்கூட அதை மறைப்பார்கள்.

"நாலாவது மைல்ல," என்றார் கிளைவ், மெல்ல. "போற வழியில. இருபத்திரண்டும்தான். ரவுண்டானாவுல நான் அவங்களுக்குப் பின்னாடி."

ஜாய்ஸ் மட்டும் சிரித்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நன்றி. அது சுலபமில்லைன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஆர்னல்ட். "ஆக இந்தப் பட்டியல் ரவுண்டானாவுல எழுதினதில்லை. புறப்பாட்டுத் தாளைப் பாத்து, கோடு போடாத பேரையெல்லாம் எடுத்து இங்கே உக்காந்து எழுதினது. ஜாய்ஸ் பதினேழைத் தவறா அடிச்சிருந்தாங்க, அதனால ஹேசல் இதுல இல்லை. இன்னொரு அத்தாட்சியும் இருக்கு. பட்டியல்ல ஒன்பதாம் நம்பர் இருக்கு."

ஒன்பதாம் நம்பர் ஏழாவது மைலிலேயே பஞ்சராகி, வேனில் ஏற்றிவரப்பட்டவர். அவர் ஈரக் காலுறையோடு மண்டபத்தில் உட்கார்ந்து இரண்டு துண்டு கேக்கை முடித்ததை அங்கிருந்த அனைவரும் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாலின் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "லெஸ்? நீ எழுதினேன்னு சொன்னதை நம்பித்தான் நான் அந்தக் கடுதாசியை எழுதினேன்."

"உங்களுக்காகப் பண்ணினாருன்னு எல்லாரும் நினைக்கிறாங்க பாலின்," என்றார் ஆர்னல்ட். "அப்படி இல்லை. ஹேசல் திரும்பலைன்னு அவர் மனசார நம்பினார். அதுக்குக் காரணம் இருக்கு. லெஸ், நீங்களே சொல்றீங்களா?"

லெஸ் கோட்டுப் பையிலிருந்து நனைந்து காய்ந்த ஓர் அட்டைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஐந்தைந்தாகக் கோடுகள். மை பரவியிருந்தாலும் எண்ண முடிந்தது.

"நம்பர் தெரியலை," என்றார். "ஆளு வர்றது தெரியுது, நம்பர் தெரியலை. எல்லாம் புகை மாதிரி இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தாளை மூக்குகிட்ட வச்சா படிச்சிடுவேன். ஓடுற சைக்கிள்ல முடியலை. அதனால வந்தவங்களுக்கு ஒவ்வொரு கோடு போட்டேன். நாப்பத்தொண்ணு. இங்க வந்து தாளைப் பாத்து எழுதினேன். அதுவும் நாப்பத்தொண்ணு. சரியாயிருச்சேன்னு இருந்துட்டேன்."

"அங்கேதான் ஏமாந்தீங்க," என்றார் ஆர்னல்ட். "கிளம்பினது நாப்பத்திரண்டு. ஒன்பது ரவுண்டானாவுக்கே வரலை. மிச்சம் நாப்பத்தொண்ணு. நீங்க போட்ட கோடு நாப்பத்தொண்ணு. ஹேசல் திரும்பாம இருந்திருந்தா நாப்பதுதான் இருக்கணும். ரவுண்டானாவுக்கு வராத ஒருத்தர் பட்டியல்ல கூடுதலா இருந்தார், வந்த ஒருத்தர் விட்டுப்போனாங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மூடிக்கிச்சு."

கிளைவ் அட்டையை வாங்கி உரக்க எண்ணினார். எட்டு கட்டு, கூட ஒன்று. பிறகு நம்பிக்கையில்லாதவர் போல மறுபடியும் எண்ணினார். அறையில் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

"நம்பரை எழுதுறவன் ஆளை எண்ண வேண்டியதில்லை," என்றார் ஆர்னல்ட், ஹேசலைப் பார்த்து. "'எண்ணிப் பாத்தேன்'னு அவர் உன்கிட்ட சொன்னதுலதான் எனக்குச் சந்தேகம் வந்தது."

லெஸ் ஹேசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "திருட்டுப் பட்டம் உனக்கு விழுந்தப்போ, நான் வாயைத் திறந்திருக்கணும். திறந்தா ரவுண்டானாவும் போயிடும், கார் ஓட்டுறதும் போயிடும்னு பயந்துட்டேன். தப்பும்மா."

ஹேசல் தலையை மட்டும் அசைத்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் பாலின்.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

பாலின் சாதனைப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன் பெயர் இருந்த வரியின் கீழே ஹேசல் விட்டேக்கர் என்று எழுதினார், பக்கத்தில் நேரத்தை எழுதினார், கையெழுத்திட்டார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்.

"ஐம்பத்தொம்பது ஐம்பத்திரண்டு. இந்தச் சங்கத்துல ஒரு மணிக்குள்ள முடிச்ச முதல் பெண். நான் இருபது வருஷம் முயற்சி பண்ணேன், முடியலை. கடுதாசிக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன் ஹேசல். உன்னை வந்து பாத்துக் கேட்டிருக்கணும், கேக்காம எழுதிட்டேன். நீ ஜெயிச்சது எனக்குப் பிடிக்கலை, அதான் உண்மை."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஹேசல் அப்போதுதான் அழுதாள். ஜாய்ஸ் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பாலின் கணவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "சாவி," என்றார்.

லெஸ் கார் சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.