காணாமல் போன கால்கள்

துப்பறிவாளர் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் அழைப்பு மணி அடித்தது. அவருக்கு எப்போதும் அப்படித்தான். ஊரில் இருக்கிற கஷ்டமெல்லாம் அவர் கண் மூடட்டும் என்று வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும் போல. பாதிக் கண்ணைத் திறந்து வைத்தே நாளைக் கழிக்கிறவர் என்பதால் தெருவில் அவருக்கு ‘அரைக்கண்’ என்று பட்டப்பெயர். அது தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே!

கதவைத் திறக்க ஓடியவர் அவருடைய மைத்துனர். நாற்பதைத் தாண்டியும் ஆர்வம் அடங்காத மனுஷர். அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போகலாம் என்று வந்தவர், அத்தானின் தொழிலைப் பார்த்து மயங்கி அங்கேயே டேரா போட்டுவிட்டார்.

“அத்தான், கேஸ்!” என்று அங்கிருந்தே கூவினார்.

வந்தவளைத் துப்பறிவாளருக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். கம்ப்யூட்டர்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கையில் ஹெல்மெட், தோளில் கருவிப் பை, அழுது சிவந்த கண்கள்.

“சார், நான் எதையும் அழிக்கலை. அதை மட்டும் நீங்க நம்பணும்.”

“முதல்ல உக்காரும்மா. எதை அழிக்கலை?”

“காலை.”

மைத்துனருக்கு வாய் பிளந்துகொண்டது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள்.

அவள் சொன்ன இடம் ஒரு செயற்கைக் கால் பட்டறை. கால் இழந்தவர்களின் அளவையும் வடிவத்தையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தார்கள். அதிலிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் கிழடு தட்டிப்போய், புதிதாக வாங்கிய அளவெடுக்கும் கருவி அதோடு ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால் நேற்று இவளைக் கூப்பிட்டுப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடச் சொன்னார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து போட்டாள். சாயங்காலம் எல்லோரும் பார்க்க அழகாக ஓடியது. இன்று காலையில் பட்டறைக்கார அம்மா வந்து பட்டனை அமுக்கினால் வெறும் கறுப்புத் திரை!

“திரும்பத் திரும்ப அணைச்சுப் போட்டுப் பாத்துட்டுத்தான் சார் கிளம்பினேன். ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை.”

“அளவுக்கெல்லாம் தனியா காப்பி எடுத்து வெச்சியா?”

“அங்க இருக்கற டிசைனர் சார் ‘எடுத்தாச்சும்மா’ன்னார். இன்னைக்கு அவங்க எடுத்துப் பாத்தா அது போன வருஷத்துக் காப்பி. இந்த வருஷம் கால் அளவு குடுத்த ஆளுங்க யாருமே அதுல இல்ல. நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடறேன்னு சொன்னதுக்கு அம்மா என்னை வாசல்லயே நிறுத்திட்டாங்க. மத்தியானம் வேற ஒருத்தன் வரானாம். மொத்தத்தையும் துடைச்சிட்டுப் புதுசா போடறானாம். அவன் துடைச்சா நிஜமாவே எல்லாம் போயிடும் சார். நான்தான் அழிச்சேன்னு அப்புறம் சாமியே வந்து சொன்னாலும் மாறாது. அவங்களுக்கு ஆளுங்களை அனுப்பற ஆஸ்பத்திரிக்கு வேற போன் போட்டுச் சொல்லிட்டாங்க. என் பொழைப்பே அந்த ஆஸ்பத்திரி மெஷினுங்கதான். நாளையிலருந்து வரவேணாம்னுட்டாங்க.”

துப்பறிவாளர் சாய்வு நாற்காலியை ஒரு முறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

பட்டறை ஒரு குறுகலான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அலமாரி முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளையில் வார்த்த கால்கள் வரிசையாக நின்றன. பின்கட்டில் மாவுக்கட்டு மாவு குழைக்கும் இயந்திரம் கடகடவென்று இரைந்தது. தரை, நாற்காலி, ஜன்னல் கம்பி என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி.

பட்டறையை நடத்தும் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல மனுஷிதான், ஆனால் பயம் வந்தால் சத்தம் போடுகிற ரகம்.

“போலீசா?”

“இல்லம்மா. போலீசுக்கு இருக்கற சுறுசுறுப்பு எனக்குக் கிடையாது. பெட்டியை ஒரு தடவை பாக்கலாமா?”

“நீங்க பாருங்க. இவ உள்ள வரக்கூடாது.”

கம்ப்யூட்டர்காரி வாசற்படியிலேயே நின்றாள். அவமானத்தில் அவள் காது வரை சிவந்திருந்தது.

கம்ப்யூட்டருக்கு எதிரே முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தவர் டிசைனர். ஓய்வு பெறும் வயதைத் தொட்டுவிட்டவர். அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து அதில் வேலை பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். நிமிர்ந்து பார்க்காமலே எழுந்து இடம் விட்டார். பின்கட்டிலிருந்து அச்சு வார்ப்பவர் எட்டிப் பார்த்தார். முழங்கை வரை மாவு.

மேசைக்கு அடியில் குனிந்த மைத்துனர் துள்ளி எழுந்தார்.

“அத்தான்! சுவிட்ச் பக்கத்துல வெள்ளைக் கால்தடம்! இவர்தான்!” என்று அச்சு வார்ப்பவரை நோக்கி விரலை நீட்டினார்.

“அட ஏங்க! எனக்கும் அந்தப் பெட்டிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது,” என்றார் அவர். “காலையில முதல்ல வந்து கதவைத் திறந்து விடறது நான்தான். திறந்துட்டு நேரா பின்கட்டுக்குப் போயிடுவேன். இந்த இரைச்சல்ல முன்னாடி யானை வந்துட்டுப் போனாக்கூடத் தெரியாது.”

“மச்சான், உன் செருப்பைத் தூக்கிப் பாரு,” என்றார் துப்பறிவாளர். தூக்கிப் பார்த்தார். அதுவும் வெள்ளை. மைத்துனர் விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

துப்பறிவாளர் அம்மாவிடம் திரும்பினார். “காலையில நீங்க பட்டனை அமுக்கினதும் என்ன வந்தது?”

“கறுப்புத் திரை. அதுல ஒரு வெள்ளை வரி. அவ்வளவுதான்.”

“அதுக்கு முன்னாடி ஏதாவது கேட்டுதா? இந்தப் பட்டனை அமுக்கு, அந்தப் பட்டனை அமுக்குன்னு?”

“ஒண்ணும் கேக்கலை.”

அவர் பட்டனை அமுக்கிப் பார்த்தார். அதே வரிதான் வந்தது. வாசலைப் பார்த்து, “இந்தப் பெட்டியோட சொந்தக் கடிகாரத்தை எங்கம்மா பாக்கறது?” என்று கேட்டார். அவள் அங்கிருந்தே வழி சொன்னாள். நீலத் திரை ஒன்று வந்தது. அதில் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி. நேரம் நள்ளிரவு தாண்டி மூன்று மணி ஆகப்போவதாகக் காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை.

துப்பறிவாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசைப்பலகையைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

“இது பழசா?”

“பெட்டியோட வந்தது சார்,” என்றார் டிசைனர்.

“மச்சான், இதுல எந்தப் பட்டன் தேஞ்சிருக்கு பாரு.”

“நீளப் பட்டன் தேஞ்சிருக்கு. அது எல்லார் வீட்லயும் தேயும். அப்புறம்... அட, மேல் வரிசை மூலையில ஒண்ணு! எழுத்தே போயிடுச்சு. பக்கத்துல இருக்கறதெல்லாம் புத்தம் புதுசா இருக்கே!”

“எஃப் ஒன்,” என்றாள் வாசலில் நின்றவள். அப்படிச் சொன்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்கு ஏதோ பொறி தட்டிவிட்டது.

துப்பறிவாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எல்லாரும் இப்படி வாங்க. அந்த மாவு மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க, தலை வலிக்குது. மச்சான், நீ மேசைக்கு அடியில போ. சுவர் சுவிட்சை அணைச்சிட்டு, நான் சொல்றப்போ போடு.”

மைத்துனர் பக்தியோடு தவழ்ந்து போனார். சுவிட்ச் அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போடச் சொல்லிவிட்டுத் துப்பறிவாளர் பட்டனை அமுக்கினார். இம்முறை வேறு ஒரு திரை வந்தது: தேதியும் நேரமும் தெரியவில்லை, மேலே போக எஃப் ஒன்னை அமுக்கு என்று அது கேட்டது.

“இது காலையில வரலையே!” என்றார் அம்மா.

“வந்ததும்மா. உங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தருக்கு வந்தது.” துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். “பெட்டிக்குள்ள சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். சுவர்ல கரெண்டு இல்லாதப்போ நேரத்தையும் செட்டிங்கையும் ஞாபகம் வெச்சுக்கறது அதுதான். இந்தப் பெட்டியில அது செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. சுவர் சுவிட்சைப் போட்டே வெச்சிருக்கற வரைக்கும், பெட்டியை எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும் அது யாருக்கும் தெரியாது. சுவர்ல அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும். திரும்பப் போட்டா பிறந்த குழந்தை மாதிரி நள்ளிரவுலருந்து எண்ண ஆரம்பிக்கும். நான் பாத்தப்போ கிட்டத்தட்ட மூணு மணி நேரம் எண்ணியிருந்துது. அப்படின்னா சுவிட்சைப் போட்டது எட்டரைக்கு மேல. நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“ஒம்பது.”

“உங்களுக்கு முன்னாடி வந்த ஆள் சுவிட்சைப் போட்டார். பெட்டி கேள்வி கேட்டுது. பட்டனை அமுக்கிப் பதில் சொன்னார். ஒரு தடவை பதில் சொன்னா அது மறுபடி கேக்காது. உள்ள இருக்கற எதுவும் அழியலைம்மா. நேத்து இந்தப் பொண்ணு புது சிஸ்டத்துக்காக மாத்தின செட்டிங்கைப் பெட்டி மறந்துட்டு, பழைய இடத்துல தேடிக்கிட்டு நிக்குது.”

“ஐயோ, அவ்வளவுதானா!” என்றாள் கம்ப்யூட்டர்காரி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“யார் அது?” என்று அம்மா அதட்டினார்.

“ஒரு பட்டன்ல எழுத்து அழியணும்னா எத்தனை வருஷம் அமுக்கியிருக்கணும்! இந்தப் பெட்டி அந்தக் கேள்வியை அவர்கிட்ட அடிக்கடி கேட்டிருக்கு. அடிக்கடி சுவிட்சை அணைச்சிருக்கார். இந்த விசைப்பலகையில கை வெச்சவர் ஒருத்தர்தானே?”

யாரும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. டிசைனர் தானே சொல்ல ஆரம்பித்தார்.

“இந்தப் பெட்டி எப்பக் கிறுக்குப் பிடிச்சாலும் சுவர்லயே அணைச்சுப் போடுவேன். பழையபடி ஆயிடும். என் வைத்தியம் அது. நேத்து எல்லாரும் போனப்புறம் உக்காந்தேன். எல்லாம் இடம் மாறியிருந்துது. இந்த வருஷத்து ஆளுங்களைத் தேடினேன், காணோம். காப்பி எடுத்தாச்சுன்னு வேற பொய் சொல்லித் தொலைச்சிருந்தேன். அந்த வேலை சாயங்கால அலுப்புல நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிக்கிட்டே இருந்தது. ராத்திரி முழுக்க அணைச்சு வெச்சா பழைய திரையே வந்துடும்னு நெனச்சேன் சார். காலையில சீக்கிரமா வந்து போட்டேன். இருந்ததும் போச்சு.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?” என்றார் அம்மா.

“நீங்க அந்தப் பொண்ணைத் திட்டி முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க முடிக்கவே இல்ல.”

மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். உண்மையில் துப்பறிவாளருக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. புரியாத திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பது என்னவென்று அவருக்கும் தெரியும்.

அம்மா வழி விட்டார். கம்ப்யூட்டர்காரி உள்ளே வந்து பெட்டியைத் திறந்து, தன் பையிலிருந்த புது பேட்டரியைப் பொருத்தினாள்.

“இதை நேத்தே பாத்திருக்கணும். அது என் தப்பு. மத்தது எதுவும் என் தப்பில்ல,” என்றாள் யாரையும் பார்க்காமல். நீலத் திரையில் எதையோ மாற்றினாள். புது சிஸ்டம் சமர்த்தாக எழுந்து வந்தது. ஒரு மூலையைத் தட்டினாள். இந்த வருஷத்து ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். டிசைனர் திரையைத் தொட்டும் தொடாமலும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார்.

“மன்னிச்சுக்கோம்மா,” என்றார் அம்மா.

“மன்னிப்பு இருக்கட்டும் மேடம். என்னைப் பத்தி ஆஸ்பத்திரியில சொன்னீங்கள்ல? அங்க இப்பவே சொல்லுங்க. என் முன்னாடி.”

அம்மா போனை எடுத்தார். எண்ணைப் போட்டார். மணி போகிற சத்தம் கேட்டது. டிசைனர் திரையை விட்டு வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

“கால் பட்டறையிலருந்து பேசறேங்க. காலையில அம்மா சொன்னது தப்பு. கெடுத்தது நான். அந்தப் பொண்ணு இல்ல. நான்தான். ஆமாங்க, என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க.” கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “உன்னை நாளைக்கு எப்பவும் போல வரச் சொல்றாங்கம்மா.”

அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே, அந்த வெள்ளைத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நாளைக்கு முடியாதுன்னு சொல்லுங்க சார். நாளன்னைக்கு வரேன். நாளைக்கு நான் தூங்கப் போறேன்.”