அருள்மேரி வீட்டு வெள்ளக்கோடு

காலையில் சுகப்பிரியாவின் இடுப்புக்கு நேராக இருந்த வெள்ளக்கோடு, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது விலாவுக்கு ஏறியிருந்தது. அளவுகோலைச் சுவரோடு சாய்த்து வைத்து மறுபடியும் பார்த்தாள். அதே கதைதான். கோலைத் தூக்கி வாசலில் எறியலாம் போல எரிச்சல் வந்தது. பேசாமல் எல்லாரையும் போல ஒரகடத்தில் ஏதாவது கம்பெனியில் ஷிப்ட் பார்த்திருக்கலாம். சங்கரன்கோவிலிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, சித்திரை வெயிலில் ஊரான் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் தலையில் எழுதினார்களோ.

பிள்ளைப்பாக்கம் தாண்டி, ஓடையை ஒட்டி ஒரு சின்ன மாதா கோயில், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள். பெருவெள்ளம் சுவர்களில் விட்டுப்போன கறையை வீடு வீடாக அளந்து, அடுத்த வெள்ளம் எதுவரை வரும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. ஆபத்து என்று அவள் எழுதுகிற வீட்டை இடித்துவிட்டு வேறெங்கோ இடம் கொடுப்பார்கள். மற்ற வீடுகள் ஒழுங்காக முடிந்துவிட்டன. கடைசியிலிருந்த அருள்மேரியின் வீடு மட்டும் அவள் உயிரை வாங்கியது.

ஆபீஸிலிருந்து மேனேஜர் டென்னிஸ் போனில் கத்தினார்.

"ஒரு கோடு அளக்க இவ்ளோ நேரமா? இன்னாதான் பண்ணிக்கினு கீற?"

"கோடு நவுருது சார்."

"வெயில்ல நின்னுகினு இருந்தா அப்படித்தான் தெரியும். மோர் வாங்கிக் குடி."

வைத்துவிட்டார். மோராம், மோர்.

அருள்மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் லூர்துராஜ் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவர். உடம்பு கிடைக்கவில்லை.

"இந்த வூட்ட ஜாக்கி வெச்சுத் தூக்கினோமே, அது உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றாள். "வெள்ளம் வடிஞ்சப்புறம் மூணு அடி தூக்கினோம்."

சுகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைத் தூக்கினால் சுவரிலுள்ள கோடும் கூடவேதானே ஏறும். தூக்கியதைக் கழிக்காமல் காலையிலிருந்து மாரடித்திருக்கிறாள்.

"இதக் காலையிலயே சொல்றதுக்கு என்னக்கா?"

"நீ கேக்கலியே. இப்ப இடிக்க மாட்டாங்கதானே? அந்த மனுஷன் வந்தா இந்த வூட்டத்தான் தேடுவாரு."

கழித்துப் பார்த்தால் வீடு தப்பித்துவிடும் போலத்தான் இருந்தது. காலையில் தான்தான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

கோடு அவள் மோவாய்க்கு நேராக இருந்தது.

வெளியே ஓடை சொட்டுத் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்தது, கண்டெய்னர் லாரிகள் ரோட்டில் உறுமிக்கொண்டு போயின, பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் சுள்ளென்று விழுந்திருந்தது. ஆனால் வீட்டுக்குள் அழுகின கோரையும் சேறும் கலந்த ஒரு வாடை அடித்தது. விரலால் கோட்டைத் தொட்டாள். ஈரம். விரலில் மணல் ஒட்டியது.

அவளுக்குப் பயமாக இருந்தது. கணக்கெல்லாம் நாசமாகப் போகட்டும், இங்கே ஒரு உயிர் இருக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"அக்கா, இந்த வீடு வேண்டாம். ஆபத்துன்னுதான் எழுதப் போறேன். வாங்க, வெளிய போயிரலாம்."

அருள்மேரி கோபப்படவில்லை. மெதுவாக நடந்து போய் வாசற்கதவைச் சாத்தினாள். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

"எழுதாத கண்ணு. அவரு வர்ற நேரம்."

லாரிச் சத்தம் நின்றது. ஒரேயடியாக. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. நெஞ்சை நாலு பக்கமும் யாரோ அழுத்தினார்கள்.

கோடு தலைக்கு மேலே போய்விட்டது.

சுகப்பிரியாவின் துப்பட்டா தோளை விட்டு எழுந்தது. பின்னல் எழுந்தது. காற்றே இல்லை. அருள்மேரியின் நரைத்த முடி மேல்நோக்கி விரிந்து, மெல்ல ஆடியது.

ஜன்னலுக்கு வெளியே நிழல். கூரை உயரத்தில். வெயிலில். ஒரு ஆள் குப்புற மிதந்து வந்தான். சட்டை உப்பியிருந்தது. கைகள் முன்னால் துழாவின. ஜன்னலைக் கடந்தான். வாசல் பக்கம் திரும்பினான்.

சுகப்பிரியா கத்தினாள். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து மூச்சு குமிழி குமிழியாகப் புறப்பட்டு மேலே போனது.

அருள்மேரி சிரித்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கதவைத் திறந்தாள்.

நிலையின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு, தலை முன்னால், லூர்துராஜ் உள்ளே வந்தார்.