மருமகனுக்குக் கொடுத்த கடல்

இனோசியின் படகு வந்து சேர்ந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கையில் கத்தி இருந்தது. அன்றைக்கே அவனை நாலு வெட்டு வெட்டியிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். தப்பான நினைப்புதான். ஆனாலும் நினைத்தேன்.

எங்கள் தீவில் காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது, அவை ஓட ரோடும் கிடையாது. மோட்டார் படகு ஒன்று தூரத்தில் வந்தாலே ஊர் முழுக்கக் கேட்கும். இனோசி வருகிறான் என்று கேட்டதும் கோழி வைத்திருந்தவர்கள் கோழியைப் பிடித்துக் கூடைக்குள் போட்டு மூடினார்கள். அவன் பேர் அப்படி.

இனோசி என் கணவர் கிதியோனேவின் தங்கை மகன். எங்கள் ஊரில் தங்கை பிள்ளை வந்து கேட்டால் தாய்மாமன் வீட்டில் மறுபேச்சு கிடையாது. பன்றியைக் கேட்டால் பன்றி, வலையைக் கேட்டால் வலை. கேட்காமல் தூக்கிக்கொண்டு போனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் கணவரோ நிஜமாகவே மகிழ்ந்து கொடுப்பார். நான் சமையலறைக்கு ஒரு ஜன்னல் கேட்டு வருஷக்கணக்காக நச்சரித்தேன். கடைசியில் பலகை வந்தது. அது வந்த வாரமே இனோசியும் வந்தான். பலகை போயிற்று. என் அம்மாவைப் பார்க்கப் பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். படகின் மோட்டாரை இனோசி கழற்றிக்கொண்டு போயிருந்தான். "புள்ள கேட்டுட்டானே வாசிதி" என்பார்.

இப்போது கிதியோனே இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். நான் கறுப்பு உடுத்தியிருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் அவர் வலை வீசிய கடலை, எங்கள் வழக்கப்படி, அடைத்து வைத்திருந்தோம். ஆழமில்லாத இடத்தில் ஒரு கம்பு நட்டு, மரப்பட்டைத் துணி கட்டிவிட்டால் அடைத்ததாக அர்த்தம். யாரும் அங்கே மீன் பிடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது. துக்கம் முடிகிற நாளில் அந்தத் தண்ணீரில் பிடித்த மீனைத்தான் ஊருக்குப் போட வேண்டும். அந்தச் சாப்பாட்டோடு நாங்கள் கறுப்பைக் கழற்றுவோம், இறந்தவர் கிளம்பிப் போவார். அதுவரை அவர் அங்கே, அந்தக் கடலில்தான் இருப்பார்.

"அத்தை! கறுப்புல இன்னும் இளமையாத் தெரியுறீங்க!" என்றபடி வந்தான் இனோசி.

"வாடா மருமகனே. வெறுங்கையோட வர்ற. துக்க வீட்டுக்கு வர்றவன், கரைச்சுக் குடிக்க ஒரு கட்டு யங்கோனா வேர் வாங்கக்கூட வழியில்லையா? உன் மாமா செத்தது ஞாபகம் இருக்கா?"

"அடக்கத்துக்கு வந்தேனே அத்தை."

"வந்த. போறப்ப ரேடியோவத் தூக்கிட்டுப் போன."

அவன் சிரித்தான். பின்னாலேயே தொப்பியும் வெள்ளைக் களிம்பு பூசிய மூக்குமாக ஒருத்தி வந்தாள். சிட்னிக்காரி, பேர் பிரெண்டா. ஆள் மிதிக்காத கடற்கரைகளைத் தேடிப் பிடித்து, அங்கே ஆட்களைப் படகு படகாக அனுப்புவது அவள் வேலையாம். எங்கள் மறுபக்கக் கடற்கரையைக் காட்ட இனோசி கூட்டி வந்திருக்கிறான்.

"அது அடைச்ச கடல்" என்றேன்.

"அதான் அத்தை வசதி. ஒருத்தர் காலடிகூட இல்லாம சுத்தமா இருக்கும். இவங்களுக்குப் புடிச்சுட்டா மாசாமாசம் ஆள் வருவாங்க."

ஊர்ப் பெரியவர் மனாசாவிடம் ஓடினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி புள்ள. நான் எப்படிம்மா தடுக்கறது?" என்றார். இத்தனை பெரிய உடம்பில் ஒரு சொட்டு ரோஷம் இல்லை. நானே அவர்கள் பின்னால் மலையேறினேன்.

உச்சி வெயில். மணல் கண்ணைக் கூச வைத்தது. அதில் நண்டு ஓடிய கோடுகளைத் தவிர வேறு தடம் இல்லை. கம்பு நின்றது, துணி ஆடிக்கொண்டிருந்தது. இனோசி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

"கம்பத் தொடாத! உன் மாமா அங்கதான் இருக்கார்!"

"இருந்தா நல்லதுதானே அத்தை. மாமா எப்பவாவது இல்லைன்னு சொல்லியிருக்காரா?"

எனக்குத் தலைக்கு மேல் கோபம். "பன்றி போச்சு, மோட்டார் போச்சு, என் ஜன்னல் போச்சு! இன்னும் என்ன பாக்கி? அவர் ஒருத்தர்தான். அவரையும் கேட்டு வாங்கிக்கோயேன்!"

"கேட்டாப் போச்சு!" அத்தையும் மருமகனும் ஒருவரையொருவர் கேலி பேசுவது எங்களுக்குள் சகஜம். அவன் அந்தக் கணக்கில்தான் சொன்னான். கம்பைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்தினான். "மாமா! இந்தக் கடல் எனக்கு வேணும்! நீங்களும் எனக்கே வேணும்!"

கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றைக் கொடுத்து வாங்கும்போது நாங்கள் செய்வதுபோல உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினான்.

காற்று நின்றது.

அலை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. வெயில் அப்படியே எரிந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. அடக்கத்தன்று என் கையால் அவர் உடம்பில் பூசிய அதே வாசனை.

பிறகு கடலுக்குள்ளிருந்து, குவித்த கைகள் தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாக. கனமாக.

அந்தப் பக்கம் எதிரொலிக்கப் பாறை கிடையாது.

பிரெண்டாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை போலும். குதித்து நீந்தப் போய்விட்டாள். இனோசி சிரித்த வாயை மூடவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் மட்டும் தணியவில்லை. செத்த பிறகுமா கொடுப்பீர்கள் என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிரெண்டா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "அற்புதமான இடம். உங்க ஆளும் ரொம்ப நல்லவர். பாறை இல்லாத வழியா என்னைக் கூட்டிட்டுப் போனார்."

"எந்த ஆளு?" என்றான் இனோசி.

"இதோ நிக்கிறாரே."

அவள் கை இனோசியின் முதுகுக்குப் பின்னால் நீண்டிருந்தது.

அங்கே யாரும் இல்லை.

"கழுத்துல மஞ்சளா என்னமோ பூசியிருக்காரே, அது மூலிகையா?" என்று கேட்டாள்.

ஈரக் காலடிகள் கடலிலிருந்து புறப்பட்டு இனோசியின் குதிகால் வரை வந்திருந்தன. வலது காலில் சுண்டுவிரல் இல்லாத தடம். அந்த விரலைச் சுறா கொண்டுபோன கதையை என் கணவர் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

திரும்பிப் போன தடம் இல்லை.

படகில் ஏறும்போது பிரெண்டா சிரித்தபடி ஓரமாக நகர்ந்து யாருக்கோ இடம் விட்டாள். இனோசி முன்னால் பார்த்தபடியே மோட்டாரைக் கிளப்பினான். திரும்பவே இல்லை.

துக்கம் முடிக்கிற நாளும் வந்தது. ஆண்கள் மறுபக்கம் போய் வலை வீசினார்கள். இத்தனை மாதம் யாரும் வலை வீசாத கடலில் மீன் கொழித்துக் கிடக்க வேண்டும். வலை வெறுமையாக வந்தது. திரும்பத் திரும்ப வீசினார்கள். ஒரு நண்டுகூட இல்லை.

மனாசா என்னிடம் வந்து முணுமுணுத்தார். "கடல் இங்க இல்ல வாசிதி. குடுத்தாச்சு. கிதியோனேயும் இல்ல. மீன் இல்லாம நான் எப்படி அவனை அனுப்பி வைக்கறது?"

"அப்ப அவர் போக மாட்டாரா? காலம் பூரா அவன் பின்னாடியே திரியணுமா?"

உயிரோடு இருந்தபோதும் அவனுக்கே உழைத்தார், செத்தும் அவனுக்கே சேவகமா? அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பெட்டியைத் திறந்து திமிங்கிலப் பல்லை எடுத்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தபோது கிதியோனே வீட்டார் என் அப்பா கையில் வைத்தது. அப்பா போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கையில் வாங்கிக்கொண்டவன், கேட்டதை இல்லை என்று சொல்ல முடியாது. மருமகனாக இருந்தாலும்.

பெரிய தீவில், லவுட்டோகா டவுனில், கரும்பு ஆலையையும் தாண்டிக் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு மாடி அறையில் இருந்தான் இனோசி. படியெல்லாம் ஈரம். மேல்படியில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. விரலை வாயில் வைத்து, பேச வேண்டாம் என்று சைகை காட்டினான்.

"மெதுவா அத்தை" என்று கிசுகிசுத்தான். "இங்க எதையும் வேணும்னு சொல்லிடாதீங்க. வந்துரும்."

"என்னடா வரும்?"

"பசிக்குதுன்னேன். மீனா வருது. உசுரோட. தாகமா இருக்குன்னு ஒரே ஒரு வாட்டி வாய்தவறிச் சொன்னேன் அத்தை…" அவன் தொண்டையைத் தடவினான். "உப்புத் தண்ணி. வாய் வழியா, மூக்கு வழியா. நிறுத்தவே இல்ல. ஆசையா, புள்ளைக்கு ஊட்டுற மாதிரி."

"போதும்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னேன் அத்தை. மாமாவுக்கு அது எப்பத்தான் காதுல விழுந்துச்சு?"

அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. என் ஜன்னல் பலகையை அவன் சுமந்துகொண்டு போனபோது இந்த முழி எங்கே போயிற்று? பாய் விரித்து, முறைப்படி தரையில் உட்கார்ந்து, பல்லை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இனோசி, இதை வாங்கிக்கோ. அந்தக் கடலத் திருப்பிக் குடு. என் புருஷனை எனக்குத் திருப்பிக் குடு."

அவன் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டான். "எடுத்துக்கோங்க அத்தை! கூட்டிட்டுப் போயிருங்க!" என்று கைகளைக் குவித்துத் தட்டினான்.

அடுப்படியிலிருந்தும் யாரோ தட்டினார்கள்.

நான் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. பாயைக்கூடச் சுருட்டாமல் படியிறங்கினேன்.

ஊருக்கு நான் திரும்பிய மறுநாளே வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுந்தது. ஊரே சாப்பிட்டது. மனாசா கடலைப் பார்த்து நின்று, "கிதியோனே, உன் பாடு முடிஞ்சுது, சந்தோஷமாப் போய் வா" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கறுப்பைக் கழற்றிப் பூப்போட்ட துணி கட்டிவிட்டார்கள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போய்ச் சேர்ந்தார் என்று நிம்மதியாக இருந்தது.

விடிகாலையில் குளிரெடுத்து விழித்தேன்.

பாயின் மறுபாதி நனைந்திருந்தது. ஆள் படுத்த அளவுக்கு.

மஞ்சள் வாசனை.

கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவரைப் போக விடு என்று நான் இனோசியிடம் கேட்கவில்லை. எனக்குக் கொடு என்று கேட்டேன். பெரியவர் ஆயிரம் வழியனுப்பட்டும், அவர் இனி என் சொத்து. நான் விட்டால்தான் போவார்.

பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, அந்த ஈரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இங்க பாருங்க. நான் விட்டுட்டேன். எனக்கு நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். கிளம்பிப் போங்க. இது ஒண்ணத்தான் உங்ககிட்டக் கேக்கிறேன்."

வெளியே சேவல் கூவியது. பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டுகிற புகை வந்தது. நான் காத்திருந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட எதையும் அந்த மனுஷன் கொடுத்ததே இல்லை.

பாயில் ஈரம் மெல்லப் பரவி என் பக்கமாக வந்தது.