பெற்றவளின் சாட்சி

"ஒரே ஒரு வார்த்தைதான். 'பார்க்கலை'ன்னு சொல்லிட்டு இறங்கி வந்துடு!"

கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கணவர் சொன்னார். முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"போலீஸ்ல ஏதோ பதற்றத்துல உளறிட்டே, போகட்டும். உன்னைச் சாட்சின்னு கூப்பிட்டதே அரசு வக்கீல். அவரே உன்னைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது. நம்ம வக்கீல் கேட்கப்போறதில்லை. அஞ்சு நிமிஷம்! பெத்தவளே பிள்ளையை மாட்டிவிட்டான்னு ஊர் சிரிக்கணுமா?"

மருமகளை மாடிப்படியிலிருந்து தள்ளியது அவர்களுடைய ஒரே மகன். பார்த்தது அவள் ஒருத்திதான். இடுப்பெலும்பு முறிந்த மருமகள் நான்கு மாதமாய்ப் பிறந்த வீட்டில் இருந்தாள்.

அவள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது மகன் எதிரே தலைகுனிந்து நின்றான். மருமகள் கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் என்ன பார்த்தீங்கம்மா?" அரசு வக்கீல் கேட்டார்.

"நான்… ஒண்ணும் பார்க்கலை. அவளா வழுக்கி விழுந்திருப்பா…"

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இறங்காதீங்கம்மா." அரசு வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். "போலீஸ்ல சொன்னதுக்கு நேர்மாறா சொல்றாங்க. எங்க சாட்சியே எங்களுக்கு எதிரா திரும்பிட்டாங்க. நாங்களே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேணும்."

நீதிபதி பழைய வாக்குமூலத்தைப் படித்தார். "கேளுங்க."

"இப்படிக் கேட்கலாமா?" கணவர் தன் வக்கீலின் கையைப் பிடித்தார்.

"கோர்ட் அனுமதிச்சா கேட்கலாம் சார்…"

அரசு வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "படி ஈரமா இருந்துதா?"

"ஆமா."

"யார் துடைச்சது?"

"நான்தான்… காலையில."

"காலையில துடைச்சது சாயங்காலம் வரை காயலையா?"

யாரோ சிரித்தார்கள். நான்கு மாதமாய் எவரும் கேட்காத கேள்வி அடுத்து வந்தது.

"விழுந்தவளை நீங்கதான் மடியில போட்டுக்கிட்டீங்க. அவ என்ன சொன்னா?"

அவள் பார்வை கடைசி வரிசைக்குப் போனது.

"'பார்த்தீங்கல்ல, அத்தை?'ன்னு கேட்டாய்யா…" அவள் நிமிர்ந்தாள். "பார்த்தேன்! என் பிள்ளைதான் ரெண்டு கையாலயும் தள்ளினான். இப்ப சொன்னது பொய். போலீஸ்ல சொன்னதுதான் நெசம்!"

கோர்ட்டின் வெளி வராந்தாவில் கணவரின் குரல் உடைந்தது. "குடும்ப மானத்தைக் கூண்டுல ஏத்திட்டியேடி!"

"அவனைப் பெத்தவ நான். ஜெயிலுக்கே போனாலும் வாராவாரம் போய்ப் பார்ப்பேன். ஆனா நம்மளை நம்பி வந்த பொண்ணு எலும்பு முறிஞ்சு கிடக்க, நாம தலைநிமிர்ந்து நடந்தா அதுக்குப் பேர் மானமாங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத்தை…!"

கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்த மருமகள் அவள் மேல் சாய்ந்தாள். தடி நழுவித் தரையில் விழுந்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

எவர் முன்னும் வளையாத அந்த மனிதர் குனிந்தார். தடியை எடுத்து, தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்து, மருமகளிடம் நீட்டினார்.

"பிடிச்சுக்கோம்மா."